பிடித்த ராக் பேண்டை முதன்முறையாக நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: டிக்கெட் எடுப்பதிலிருந்து மறுநாள் காலை வரை

நிகழ்ச்சி தொடங்க இன்னும் இருபது நிமிடம் இருக்கும். பேண்ட் மேடைக்கு வரவில்லை. கறுப்பு டி-ஷர்ட் போட்ட டெக்னீஷியன் ஒருவர் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து கிக் டிரம்மை ஒரே ஒரு முறை மிதிக்கிறார். தும்! அது காதில் விழுந்ததா, நெஞ்சுக்கூட்டில் விழுந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சட்டைத் துணி லேசாக அதிர்கிறது. என் முதல் கான்சர்ட்டில் எனக்குக் கண் கலங்கியது அந்த நேரத்தில்தான். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

பத்து வருடம் இயர்போனில் கேட்ட பேண்டாக இருந்தாலும் அந்த ஒற்றை அடியை எந்தப் பதிவும் உங்களுக்குக் கொடுத்திருக்காது. நேரில் போவது அதற்காகத்தான். ஆனால் முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் டிக்கெட் கையில் வந்ததோடு யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் தாகம், கால்வலி, குழம்பிய சத்தம், முன்னால் நிற்பவரின் தலை என்று கவனம் பல பக்கம் சிதறிவிடுகிறது. அந்த இரண்டு மணி நேரமும் உங்கள் கவனம் மேடையில் இருக்க வேண்டும், வீடு திரும்பும்போது காதும் நன்றாக இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

1. டிக்கெட்

பேண்ட் சுற்றுப்பயணத்தை அறிவித்த அன்றே வேலை தொடங்கிவிடும். முதலில் பேண்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்துக்குப் போய் மின்னஞ்சல் பட்டியலில் சேருங்கள். பொது விற்பனைக்கு ஓரிரு நாள் முன்பே ரசிகர்களுக்கான முன்விற்பனை நடக்கும். அதற்கான குறியீட்டு எண் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் வரும். எந்தத் தளத்தில் டிக்கெட் விற்கிறார்கள் என்பதையும் பேண்டின் தளத்திலிருந்து போகும் இணைப்பை வைத்தே முடிவு செய்யுங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரம் பல நேரம் மறுவிற்பனைக்காரர்களுடையதாக இருக்கும்.

விற்பனை நாளில், தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே உள்நுழைந்து, கட்டண விவரங்களைச் சேமித்து வையுங்கள். இணைய வரிசையில் இடம் கிடைத்த பிறகு பக்கத்தைப் புதுப்பிக்கவே கூடாது. பல தளங்களில் இருந்த இடமும் போய்விடும். எந்தப் பகுதி வேண்டும், அது இல்லையென்றால் எது, அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பேன் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் ஓடும்போது நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது. தேவை கூடக்கூட விலையும் ஏறும் முறையில் சில நிகழ்ச்சிகளுக்கு விற்பார்கள். அப்போது அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

இந்த டிக்கெட் விவகாரத்தில் ரசிகர்கள் பக்கம் நின்ற பேண்டுகளும் உண்டு. கட்டணங்கள் அதிகம் என்று டிக்கெட் விற்கும் நிறுவனமான டிக்கெட்மாஸ்டரை எதிர்த்து பேர்ல் ஜாம் பேண்டின் இருவர் 1994இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்கள். 2023இல் தி க்யூர் பேண்ட் தங்கள் வட அமெரிக்கப் பயணத்துக்கு ஏறும் விலை முறை வேண்டாம் என்று மறுத்தது. கூடுதல் கட்டணங்களைப் பற்றிப் பாடகர் ராபர்ட் ஸ்மித் வெளிப்படையாகக் கேள்வி கேட்ட பிறகு, வாங்கியவர்களுக்கு ஒரு பகுதிப் பணம் திரும்பக் கிடைத்தது. உங்கள் பேண்ட் இந்த விஷயத்தில் என்ன சொல்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள். டிக்கெட்டை வேறு பெயருக்கு மாற்ற முடியுமா முடியாதா என்பதும் அங்கேதான் தெரியும்.

முதல் நாளே தீர்ந்துவிட்டால் மனம் உடைய வேண்டாம். தேவை அதிகமாக இருந்தால் இரண்டாவது நாளை அறிவிப்பது வழக்கம். இன்னொரு வழி பலருக்குத் தெரியாது: மேடையும் ஒலி, ஒளிச் சாதனங்களும் எங்கே வருகின்றன என்பது உறுதியாகும்வரை சில இருக்கைகளை விற்காமல் வைத்திருப்பார்கள். எந்த இருக்கையிலிருந்து மேடை மறையும் என்பது தெளிவான பிறகு, மிச்சத்தைக் கடைசி சில நாட்களில் விற்பனைக்கு விடுவார்கள். அந்த வாரம் முழுக்க அதிகாரப்பூர்வத் தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வாங்கிய விலைக்கே திருப்பி விற்கும் அதிகாரப்பூர்வ மறுவிற்பனையும் நல்ல வழிதான். சமூக வலைத்தளத்தில் டிக்கெட்டின் படத்தை அனுப்பி, முன்பணம் கேட்கும் அந்நியரிடம் மட்டும் வாங்காதீர்கள். ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்க அவரால் முடியும்.

2. எங்கே நிற்பது, எங்கே உட்காருவது

முதல் முறை போகிறவர் எல்லோரும் முன்வரிசைதான் சொர்க்கம் என்று நினைப்பார்கள். முகங்களைப் பார்க்க அது சொர்க்கம்தான். கிட்டாரிஸ்டின் விரலில் ஒட்டியிருக்கும் டேப்கூடத் தெரியும். ஆனால் சத்தத்துக்கு அது நல்ல இடம் கிடையாது. உயரத்தில் தொங்கும் பெரிய ஸ்பீக்கர்கள் உங்கள் தலைக்கு மேலே தாண்டிப் பின்னால் இருப்பவர்களை நோக்கித் திருப்பப்பட்டிருக்கும். உங்களுக்கு வருவது மேடையிலிருக்கும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் நேரடிச் சத்தம், டிரம்ஸின் நேரடிச் சத்தம், மேடை விளிம்பில் வைத்த சிறிய ஸ்பீக்கர்களின் குரல். வலது ஓரம் நின்றால் ஒரு கிட்டார் மட்டும் காதைப் பிளக்கும். குரல் எங்கோ தொலைவில் கேட்கும்.

நல்ல சத்தம் வேண்டுமென்றால் ஒலிப்பொறியாளரைத் தேடுங்கள். அரங்கின் நடுவில், கொஞ்சம் பின்னால், சின்னத் தடுப்புக்குள் மிக்ஸிங் மேசையோடு ஒருவர் நிற்பார். இரண்டு மணி நேரமும் அவர் தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதன்படிதான் ஒவ்வொரு பொத்தானையும் நகர்த்துகிறார். அவருக்கு முன்னால் சில அடி தள்ளி நின்றால், அவர் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். முதல் முறை போகிறவருக்கு நான் சொல்லும் இடம் இதுதான். தள்ளுமுள்ளும் குறைவு, மேடை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும், ஒளியமைப்பையும் முழுதாக ரசிக்கலாம். மேடையின் இரண்டு ஓரத்திலும் பேஸ் ஸ்பீக்கர்கள் வைத்திருந்தால் நடுக்கோட்டில்தான் அவை ஒன்றோடொன்று சேர்ந்து நெஞ்சை அதிகம் அதிரவைக்கும்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்: மாடத்துக்கு அடியில் உள்ளடங்கிய பின் பகுதி, பின்சுவரை ஒட்டிய இடம், ஒரு பக்க ஸ்பீக்கரின் நேர் எதிர். முதல் இரண்டில் குரலின் கூர்மை போய் வெறும் உறுமல்தான் மிஞ்சும். மூன்றாவது இடம் காதுக்கே ஆபத்து.

பெரிய ஸ்டேடியம் என்றால் இன்னொரு விஷயம். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருந்தால், டிரம்மர் குச்சியை அடிப்பதைப் பார்த்து ஏறக்குறைய 0.3 நொடி கழித்துத்தான் அந்த அடி உங்களை வந்து சேரும். பின்னால் இருப்பவர்களுக்காக நடுவில் கோபுரம்போல ஸ்பீக்கர்கள் நிறுத்தி, மேடையிலிருந்து வரும் சத்தத்தோடு சேரும்படி அவற்றை வேண்டுமென்றே தாமதித்து ஒலிக்கவிடுவார்கள். ஸ்டேடியத்தின் பின்பகுதியில் டிக்கெட் எடுத்தால் அப்படி ஒரு கோபுரத்துக்கு அருகில் இடம் பாருங்கள்.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் ஏறக்குறைய 55,600 பேருக்கு முன் பீட்டில்ஸ் வாசித்தபோது இப்படி எந்த வசதியும் கிடையாது. 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களும், விளையாட்டு அறிவிப்புக்காக வைத்திருந்த ஸ்டேடியத்தின் ஒலிபெருக்கிகளும்தான். ரசிகர்களின் அலறலில் தாங்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. அடுத்த வருடம் ஆகஸ்ட்டோடு சுற்றுப்பயணங்களை அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். 1974இல் கிரேட்ஃபுல் டெட் பேண்ட் 600க்கு மேற்பட்ட ஸ்பீக்கர்களைச் சுவர்போல அடுக்கித் தங்களுக்குப் பின்னால் நிறுத்தியதும் இந்தப் பிரச்சினைக்கு ஒரு பதில்தான். ரசிகர்கள் கேட்பதை மேடையில் இருப்பவர்களும் அப்படியே கேட்டார்கள். இன்று நீங்கள் நடுவில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் தெளிவாகக் கேட்பதற்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

உயரம் குறைந்தவர்கள் நிற்கும் பகுதியைவிட முதல் மாடத்தின் முன்வரிசை இருக்கையை எடுத்துவிடலாம். தலைகள் மறைக்காது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குத் தனி மேடை பல அரங்குகளில் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள். வேகமாக மின்னி மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்குகளால் வலிப்பு வரும் வாய்ப்புள்ளவர்கள் அரங்கிடம் முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

3. முன்னால் இருக்கும் வாரங்களில் எதைக் கேட்பது

எல்லா ஆல்பங்களையும் வரிசையாகப் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு விஷயம் போதும். புதிய ஆல்பத்தை நன்றாகக் கேளுங்கள். பயணமே அதற்காகத்தான் நடக்கிறது, நாலைந்து பாடல்களாவது அதிலிருந்து வரும். அப்புறம் அந்த பேண்டின் நேரடிப் பதிவு ஒன்றைக் கேளுங்கள். ஸ்டுடியோவில் நான்கு நிமிடமாக இருந்த பாட்டு மேடையில் ஒன்பது நிமிடமாக நீளும். குரல் வயதானால் பல பேண்டுகள் மொத்தச் சுருதியையும் அரைச்சுரம் இறக்கி வாசிக்கும். பாடகர் உச்சத்தைத் தொடாமல் அந்த வரியை ரசிகர்களிடம் விட்டுவிடுவார். இதையெல்லாம் தெரிந்து போனால் ஏமாற்றம் வராது. மேடையில் அந்தப் பாட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஆவல்தான் வரும்.

அடுத்து வரும் கேள்வி: பாடல் பட்டியலை முன்கூட்டியே பார்க்கலாமா? செட்லிஸ்ட்.எஃப்எம் போன்ற தளங்களில் நேற்றைய நிகழ்ச்சியின் பட்டியல் இன்று காலையே வந்துவிடும். என் கருத்து, முதல் முறை போகும்போது பார்க்காதீர்கள். விளக்கணைந்து முதல் கிட்டார் நரம்பு ஒலிக்கும்போது அது எந்தப் பாட்டு என்று தெரியாமல் இருக்கும் அந்த அரை நொடி இனி உங்களுக்குக் கிடைக்காது. ஒரே ஒரு பாட்டுக்காக வெகுதூரம் பயணம் செய்து போகிறீர்கள், அது வராவிட்டால் தாங்காது என்றால், அந்தப் பாட்டு இருக்கிறதா என்று மட்டும் ஒரு நண்பரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பேண்டின் பழக்கத்தையும் பொறுத்தது இது. வீடியோவும் விளக்கும் பாட்டோடு நொடி பிசகாமல் கட்டப்பட்ட பெரிய நிகழ்ச்சிகளில் பட்டியல் தினமும் ஏறக்குறைய ஒன்றுதான். பேர்ல் ஜாம் போன்றவர்கள் இரவுக்கு இரவு மாற்றுவார்கள். ஃபிஷ் பேண்ட் 2017இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவுகள் வாசித்தது. ஒரு பாட்டைக்கூட இரண்டாவது முறை வாசிக்கவில்லை. அப்படிப்பட்ட பேண்டுக்குப் போகிறீர்கள் என்றால் நேற்றைய பட்டியலைப் பார்த்தும் பயனில்லை.

4. காது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். என் முதல் கான்சர்ட்டுக்குக் காதில் எதுவும் வைக்காமல் போனேன். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததைப் பெருமையாக நினைத்தேன். இரவு படுத்தபோது காதுக்குள் ஒரு மெல்லிய விசில். அது இரண்டு நாள் நிற்கவில்லை. பக்கத்தில் பேசுபவரின் குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. எனக்குச் சரியாகிவிட்டது. எல்லோருக்கும் சரியாகும் என்று சொல்ல முடியாது.

காரணம் இதுதான். உள்காதில் இருக்கும் நத்தை ஓடு போன்ற பகுதியில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுவது அவைதான். மனிதர்களுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பணியிடங்களுக்காக அமெரிக்காவின் நயோஷ் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல்படி 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். ராக் கான்சர்ட்டில் 100 டெசிபல் என்பது சாதாரணம், அதைத் தாண்டுவதும் உண்டு. அதாவது மூன்றாவது நாலாவது பாட்டிலேயே உங்கள் அன்றைய கணக்கு முடிந்துவிடும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இசை அரங்குகளுக்காக வெளியிட்ட தரநிலையும் சராசரி 100 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

வாசிப்பவர்களே இதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். 1976 மே 31 அன்று லண்டனின் சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ வாசித்தபோது ஸ்பீக்கர்களிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவானது. உலகின் மிகச் சத்தமான பேண்ட் என்று கின்னஸில் இடம்பெற்றது. காதுக்குக் கேடு என்பதால் பிற்பாடு கின்னஸ் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. அந்த பேண்டின் கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்ட் காது இரைச்சலோடும் செவிக்குறைவோடும் வாழ்வதைப் பல முறை சொல்லியிருக்கிறார். ஏசி/டிசி பேண்டின் பாடகர் பிரையன் ஜான்சன், செவித்திறன் முழுவதும் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் 2016இல் சுற்றுப்பயணத்தின் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

தீர்வு சின்னது. இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக் என்று கேட்டு வாங்குங்கள். மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயி எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். மொத்தத்தில் 15 முதல் 20 டெசிபல் குறையும். சத்தம் மட்டும் இறங்கும், பாட்டின் வடிவம் அப்படியே இருக்கும். உண்மையில் பலருக்குப் பாட்டு வரிகள் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் அளவுக்கு மீறிய சத்தத்தில் காதே திணறிப் போகிறது.

அது கிடைக்காவிட்டால் சாதாரண நுரை இயர்பிளக் போதும். ஆனால் சரியாக வைக்கத் தெரிய வேண்டும். இரண்டு விரலால் உருட்டி மெல்லிய திரியாக்குங்கள். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதின் துவாரம் நேராகும். திரியை உள்ளே விட்டு, விரலால் அரை நிமிடம் பிடித்திருங்கள். அது மெல்ல விரிந்து அடைக்கும். சரியாக உட்கார்ந்தால் உங்கள் சொந்தக் குரல் மண்டைக்குள்ளிருந்து கனமாகக் கேட்கும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்தும் பயனில்லை. கான்சர்ட்டுக்கு முந்தைய நாள் வீட்டில் ஒரு பாட்டு கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். குழந்தையை அழைத்துப் போனால் தலைக்கு மேல் மாட்டும் காதுமூடி கட்டாயம்.

முதல் அடி விழுவதற்கு முன்பே காதில் வைத்துவிடுங்கள். கிக் டிரம் நெஞ்சில் இடிப்பதை இயர்பிளக் தடுக்காது. அதற்கு நான் உத்தரவாதம்.

5. உடை, பை, ஃபோன்

மூடிய ஷூ. ஏற்கெனவே போட்டுப் பழகியது. புதுச் செருப்பும் திறந்த காலும் நிற்கும் பகுதிக்கு ஆகாது. உங்கள் விரல்மேல் யாராவது குதிப்பது நிச்சயம். உள்ளே வெக்கையாக இருக்கும், அதனால் மெல்லிய சட்டை. தேவைப்பட்டால் இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி ஒரு மேலுடை.

பை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று அரங்கின் தளத்தில் பாருங்கள். சில இடங்களில் உள்ளிருப்பது தெரியும் பையை மட்டும்தான் விடுவார்கள். அடையாள அட்டை, சிறிது பணம், பவர் பேங்க், இயர்பிளக் இரண்டு ஜோடி. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். டிக்கெட் ஃபோனில் இருந்தால், அதை வீட்டிலேயே ஃபோனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். பல தளங்களில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அரங்க வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தைத் தொடுவதால் அங்கே போய்த் திறக்க முயன்றால் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சேர்ந்து போகும் நண்பரோடு, ஃபோன் வேலை செய்யாவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஒரு இடத்தைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்ப என்ன வழி, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் முன்பே பாருங்கள்.

6. அரங்கில்

டிக்கெட்டில் இருக்கும் நேரம் கதவு திறக்கும் நேரமாகவே இருக்கலாம். முக்கிய பேண்ட் வர அதிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதற்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிடுங்கள். டி-ஷர்ட் வாங்க ஆசை என்றால் உள்ளே நுழைந்ததும் வாங்குங்கள். முடிந்த பிறகு உங்கள் அளவு இருக்காது. பல பேண்டுகள் சுற்றுப்பயணத்தில் வண்டியை ஓட்டுவதே அந்த விற்பனையில்தான், அதனால் வெளியே தெருவில் விற்கும் போலியைவிட இங்கே வாங்குவது அவர்களுக்கு நேரடி உதவி.

கதவு திறந்ததும் ஓடாதீர்கள். 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ நிகழ்ச்சிக்கு வெளியே, இருக்கை எண் இல்லாத டிக்கெட்டோடு பெருங்கூட்டம் காத்திருந்தது. உள்ளே நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் சத்தம் கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று முண்டியது. திறந்திருந்த கதவுகள் மிகக் குறைவு. 11 பேர் இறந்தார்கள்.

உள்ளே போனதும் முதல் வேலை, நீங்கள் வந்த வழி தவிர வேறு இரண்டு வெளிவழிகளைக் கண்ணால் பார்த்து வைப்பது. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் தி ஸ்டேஷன் என்ற கிளப்பில் கிரேட் ஒயிட் பேண்டின் நிகழ்ச்சியில் வாணவேடிக்கையால் தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த வாசலை நோக்கியே ஓடியதால் அங்கே நெரிசல் அடைத்துக்கொண்டது. அரை நிமிட வேலை இது. செய்துவிட்டு மறந்துவிடலாம்.

முதலில் வாசிக்கும் பேண்டைப் பாருங்கள். பெயர் தெரியாதவர்கள் என்று வெளியே நின்று அரட்டை அடிக்காதீர்கள். 1967இல் மங்கீஸ் பேண்டுக்கு முன்னால் வாசிக்க வந்தவர் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். கூட்டம் மங்கீஸைக் கேட்டுக் கத்தியது. சில நிகழ்ச்சிகளோடு அவர் விலகிவிட்டார். அன்று அங்கே இருந்து கவனிக்காமல் விட்டவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

7. கூட்டத்துக்குள்

நிற்கும் பகுதியில் நடுவில் திடீரென்று வட்டமாக இடம் விடுகிறார்கள் என்றால் அங்கே மோஷ் பிட் உருவாகப் போகிறது. ஒருவரையொருவர் மோதி ஆடுவார்கள். வேண்டாமென்றால் இரண்டு மூன்று வரிசை தள்ளி நில்லுங்கள், யாரும் உங்களை இழுக்க மாட்டார்கள். போக ஆசையென்றால் முழங்கையை மடக்கி வீசாதீர்கள், கண்ணாடியைக் கழற்றி ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அங்கே எல்லோரும் மதிக்கும் சட்டம் ஒன்றுண்டு: யாராவது விழுந்தால் ஆட்டம் நிற்கும், சுற்றி இருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்துவார்கள். முன்பின் தெரியாத நாலு கைகள் ஒரே நேரத்தில் அக்குளில் நுழைந்து தூக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சண்டை போலத் தெரியும்; உள்ளே போனவர்களுக்குத்தான் அந்த அக்கறை தெரியும்.

உண்மையான ஆபத்து நெரிசல். ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் ஆகும்போது அபாயம் தொடங்குகிறது. 7 பேரை நெருங்கினால் கூட்டம் தண்ணீர்போல அலையடிக்கும், தனி மனிதரின் பலம் அங்கே செல்லாது. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ராஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் வாசிக்கும்போது நடந்த நெரிசலில் 9 பேர் இறந்தார்கள். கையை உயர்த்தி முகத்தைத் துடைக்க முடியவில்லை, அல்லது பக்கத்தில் இருப்பவர்களின் அசைவோடு உங்கள் உடலும் தானாக நகர்கிறது என்றால், பிடித்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் வெளியேற வேண்டிய நேரம் அதுதான்.

அப்போது இரண்டு கையையும் மடக்கி குத்துச்சண்டை வீரர்போல நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். நெரிசலில் உயிர் போவது மிதிபட்டு மட்டுமல்ல. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டித்தான் பெரும்பாலும் போகிறது. தள்ளும்போது எதிர்த்து நிற்காதீர்கள். அலை தணியும்போது சாய்வாக ஓரத்தை நோக்கி இரண்டு அடி நகருங்கள், அடுத்த அலை தணியும்போது இன்னும் இரண்டு அடி. முன்தடுப்புக்கு அருகில் இருந்தால் கையை உயர்த்திப் பாதுகாவலரின் கண்ணைப் பாருங்கள். அவர் உங்களைத் தடுப்புக்கு மேலாகத் தூக்கி எடுத்துவிடுவார். அதற்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். கீழே எதையாவது போட்டுவிட்டால், ஃபோனாகவே இருந்தாலும், குனியாதீர்கள்.

8. விளக்கணைந்த பிறகு

ஃபோனில் படம் எடுப்பது தப்பில்லை. ஒரு பாட்டுக்கு மட்டும் எடுங்கள், அதுவும் மிகப் பிடித்த பாட்டாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சத்தத்தில் ஃபோனின் மைக் கரகரப்பாகத்தான் பதியும். திரும்பப் பார்க்கும்போது அன்றைய இரவு அதில் இருக்காது. டூல் பேண்ட் கடைசிப் பாட்டுவரை ஃபோனை எடுக்க அனுமதிப்பதில்லை. ஜாக் ஒயிட் தன் 2018 சுற்றுப்பயணத்தில் ரசிகர்களின் ஃபோன்களை நுழைவாயிலிலேயே பூட்டும் பையில் போடவைத்தார். உங்கள் பேண்ட் அப்படிக் கேட்டால் மனதார ஒப்புக்கொள்ளுங்கள்.

பாடகரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். டிரம்மரைப் பாருங்கள், பாட்டு முடியும் இடத்தில் பேஸ் வாசிப்பவர் அவர் பக்கம் திரும்பி, இருவரும் கண்ணோடு கண் பார்த்து ஒரே நொடியில் நிறுத்துவார்கள். கிட்டாரிஸ்டின் காலைப் பாருங்கள். ஒரு பெடலை அழுத்தியதும் அதே நரம்பின் ஒலி வேறாகும். இருட்டில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், மேடை ஓரத்திலிருந்து ஒருவர் குனிந்தபடி ஓடிவந்து வேறு சுருதி வைத்த கிட்டாரைக் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டு மறைவார். பாடகர் காதிலிருக்கும் இயர்பீஸை ஒரு பக்கம் மட்டும் கழற்றினால், அவர் உங்கள் குரலைக் கேட்க விரும்புகிறார். அப்போது தயங்காமல் பாடுங்கள். வரி தப்பினாலும் பரவாயில்லை.

நீங்கள் அறியாத பாட்டு வரும்போது கழிவறைக்குப் போகத் தோன்றும். முடிந்தால் நில்லுங்கள். எனக்கு இன்று மிகப் பிடித்த ஒரு பாட்டை நான் முதலில் கேட்டதே மேடையில்தான்.

கடைசிப் பாட்டு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அரங்க விளக்குகள் எரியாதவரை நிகழ்ச்சி முடியவில்லை. பெரும்பாலும் திரும்ப வந்து இரண்டு மூன்று பாட்டு வாசிப்பார்கள். வழக்கமாக மொத்தம் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2012 ஜூலை 31 அன்று ஹெல்சிங்கியில் 4 மணி 6 நிமிடம் வாசித்தார். அப்படி ஓர் இரவு அமைந்தால் கடைசி வண்டியை விட்டுவிட்டு நிற்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் நிற்பேன்.

9. முடிந்த பிறகு

உடனே வாசலுக்கு முண்ட வேண்டாம். பத்து நிமிடம் அப்படியே நில்லுங்கள். மேடையைப் பிரிக்கத் தொடங்குவார்கள். தரையில் ஒட்டியிருந்த பாடல் பட்டியல் தாளையோ நரம்பை மீட்டும் கிட்டார் பிக்கையோ முன்னால் நிற்பவர்களிடம் கொடுப்பதும் உண்டு. ஒரு புன்னகையோடு கேட்டுப் பாருங்கள்.

திரும்பும் வழியில் இயர்போன் போடாதீர்கள். காதுக்கு ஒரு நாளாவது அமைதி வேண்டும். லேசான அடைப்போ ரீங்காரமோ இருந்தால் பெரும்பாலும் மறுநாளுக்குள் தணியும். இரண்டு நாளைத் தாண்டினால், அல்லது ஒரு காதில் சட்டென்று கேட்பது குறைந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தாமதிக்க வேண்டாம்.

அன்றிரவே, எந்தத் தளத்தையும் பார்க்காமல், நினைவிலிருந்து பாடல் பட்டியலை எழுதுங்கள். வரிசை தப்பும், ஒன்றிரண்டு விடுபடும். பக்கத்தில் நின்றவர் எந்தப் பாட்டுக்கு அழுதார், எந்த இடத்தில் மொத்த அரங்கும் ஒரே குரலில் பாடியது, எந்த இடத்தில் கிட்டார் நரம்பு அறுந்தது என்று தோன்றியதையெல்லாம் எழுதிவிடுங்கள். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடும்.

அடுத்த சில நாட்கள் மனம் வெறிச்சென்று இருந்தால் பயப்படாதீர்கள். மாதக்கணக்கில் எதிர்பார்த்தது ஓர் இரவில் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். காது முழுதாகத் தேறிய பிறகு, அன்று உங்களை உலுக்கிய பாட்டின் ஸ்டுடியோ பதிவை மெதுவான சத்தத்தில் போட்டுக் கேளுங்கள். மேடையில் கிட்டாரிஸ்ட் நிறுத்தி, மொத்தக் கூட்டத்தையும் மூச்சுப் பிடிக்கவைத்த இடத்தில், பதிவு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். உங்கள் கை மட்டும் அந்த இடத்தில் பாதி உயர்ந்து காத்துக்கொண்டிருக்கும்.